நிலைமை திருப்திகரம்

ஓய்வு பெற்ற உத்தியோகத்தர்களிடம் அனுபவம் எழுதித் தரும்படி கேட்பதில் ஓர் ஆபத்து உண்டு. எங்களுக்கு வென்ற கதைகள் மட்டுமே நினைவில் நிற்கும். நமது சங்கத்தின் சென்ற மலரில் என்னோடு வேலை செய்த ஆறு பேர் எழுதியிருந்தார்கள். வாசித்து முடித்தபோது எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் எஞ்சியது. இத்தனை கெட்டிக்காரர் வேலை பார்த்த பிறகும் தீவுப்பகுதியில் கஷ்டப்பட்டவர்கள் எப்படி மிஞ்சினார்கள்? ஆகவே பிள்ளைகளே, சமூகசேவைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என்னுடைய பிழைகளை எழுதித் தருகிறேன். வெற்றிகள் வேண்டுமானால் அந்த மலரைப் பாருங்கள்.

எந்தப் பிரதேச செயலகம் என்று சொல்லமாட்டேன். நீங்கள் ஒவ்வொருவரும் அது உங்களுடையதுதான் என்று நினைத்துக்கொண்டால் நல்லது.

நான் சேர்ந்தபோது எங்கள் பிரிவின் பெயர்ப்பலகையில் ‘அங்கவீனர்’ என்று இருந்தது. சில வருடங்களில் அது ‘வலுவிழந்தோர்’ ஆயிற்று. அதற்குப் பிறகு ‘மாற்றுத்திறனாளிகள்’. கடைசியாக ‘விசேட தேவையுடையோர்’. ஒவ்வொரு முறையும் பலகை எழுதுகிறவர் ஏணியோடு வந்து மேல்மாடியில் மாட்டிவிட்டுப் போனார். ஆம், மேல்மாடியில்தான். நடக்க முடியாதவர்களுக்கான பிரிவு மேல்மாடியில் இருந்தது. வாசலில் சக்கர நாற்காலி ஏறுவதற்கென்று அழகான சாய்தளம் கட்டினார்கள். அதில் ஏறினால் மாடிப்படியின் அடிக்கு வந்து சேரலாம். திறப்பு விழாவில் படம் பிடித்தார்கள். படிக்கட்டு படத்தில் விழாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

அதனால் எங்களைத் தேடி வருகிறவர்கள் கீழே முன்மண்டபத்தில் காத்திருப்பார்கள். காணி அலுவல், பிறப்புச் சான்றிதழ், வாகன வரி என்று ஊரே அந்த மண்டபத்தில்தான் நிற்கும். நாங்கள் கீழே இறங்கி வந்து, அந்தச் சந்தைக்கு நடுவில் வைத்து விசாரிப்போம்.

முதல் வருடத்தில், படகில் மட்டுமே வரக்கூடிய ஒரு தீவிலிருந்து ஒருவர் வந்தார். சிறுவயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பிப்போனவர். விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தில், கிராமத்துக்குப் பொறுப்பான விதானையாரின் முத்திரை இல்லை. முதலாம் பக்கத்தில் இருந்தது, மூன்றாம் பக்கத்தில் இருந்தது, இரண்டாம் பக்கத்தில் இல்லை. “பரவாயில்லை ஐயா, நாளைக்கு அடிச்சுக்கொண்டு வாங்கோ” என்றேன், மிகுந்த மரியாதையோடு. அவர் சிரித்தார்.

“நாளைக்கு வாறதெண்டால் நான் இண்டைக்குப் போகேலாது பிள்ளை. என்னைப் படகில ஏத்த ரெண்டு பேர் தூக்கோணும். இண்டைக்குத் தூக்கினவை நாளைக்கும் தூக்குவினமோ தெரியாது.”

நான் விதானையாருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டு, அந்தப் பக்கத்தில் ‘உறுதிப்படுத்தப்பட்டது’ என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். வானம் இடிந்து விழவில்லை. ‘நாளைக்கு வாங்கோ’ என்று சொல்வதை அன்றோடு விட்டேன். இதுவும் வெற்றிக் கதை போல வந்துவிட்டது, மன்னியுங்கள், பழக்கதோஷம். இனிப் பிழைக்கு வருவோம்.

யோகநாதன் என்று ஒரு தோட்டக்காரர். நாற்பது வயதிருக்கும். வேலி அடைக்க ஓலை வெட்டவென்று பனையில் ஏறி விழுந்தவர். முள்ளந்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் போயிற்று. வீட்டில் மனைவி வசந்தியும், யோகநாதனின் மூத்த சகோதரி தவமணி அக்காவும். விதானையார் சொல்லி விண்ணப்பம் போட்டிருந்தார்கள்.

அந்த நாளில் எங்கள் உதவிப் பட்டியலில் இடம் கிடைப்பது லேசான காரியமல்ல. பட்டியலில் இத்தனை பேர்தான் என்று ஒரு வரம்பு. உள்ளே இருப்பவர் ஒருவர் கண்ணை மூடினால்தான் வெளியே வரிசையில் நிற்பவர் ஒருவர் உள்ளே வரலாம். பெயர் ஏறினால் மாதக் கொடுப்பனவோடு காற்று மெத்தை ஒன்று கிடைக்கும். சிறுநீர்க் குழாய் மாற்றவும் புண்ணுக்கு மருந்து கட்டவும் தாதி வீட்டுக்கே வருவார். உணர்வில்லாத உடம்புக்குப் படுக்கைப் புண்தான் எமன். அதற்கு நோவு தெரியாது, தெரியாமலே அழுகும். அந்த மெத்தையும் தாதியும் யோகநாதனுக்கு உயிர் மாதிரி.

வீட்டைப் பார்த்து அறிக்கை எழுத நான் போகவேண்டும். இன்ன நாள், காலை பத்து மணிக்கு வருகிறேன் என்று முன்கூட்டியே கடிதம் அனுப்பினேன். அதுதான் முறை. எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு அரசாங்க உத்தியோகத்தர் வருகிறார் என்று நாள் குறித்து அறிவித்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது இந்த மண்ணில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. உத்தியோகம் கிடைத்ததும் மறந்துபோயிற்று.

முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. விறாந்தையில் பூப்போட்ட மெத்தையோடு நான்கு கதிரைகள். ஒன்றில் யோகநாதன் இருந்தார். வெள்ளைச் சேட், கரைவேட்டி, சவரம் செய்த முகம், நெற்றி நிறையத் திருநீறு. மாப்பிள்ளை பார்க்க வந்த வீடு போல இருந்தது. மற்றொரு கதிரையில் என்னை இருத்திப் பயற்றம் பணியாரமும் சோடாவும் தந்தார்கள். நான் படிவத்தை விரித்தேன்.

“அவர் தானாச் சாப்பிடுவாரோ அக்கா?”

“ஓம் பிள்ளை. நல்லாச் சாப்பிடுவார்” என்றார் தவமணி அக்கா.

“குளிக்க, வெளிக்குப் போக, ஆரின்ரையும் உதவி தேவையோ?”

அக்காவின் முகம் கொஞ்சம் இறுகியது. “வீட்டில நாங்கள் இருக்கிறம்தானே. வேற ஆரின்ர உதவி? எங்கட ஐயா கோயிலில பத்தாம் திருவிழா செய்தவர். நாங்கள் குடுத்துப் பழகின சனம். விதானையாரின்ர ஆக்கினை தாங்கேலாமல்தான் உந்த விண்ணப்பத்தை எழுதினது.”

யோகநாதனைக் கேட்டேன். “உங்களுக்கு இப்ப எப்பிடி இருக்கு?”

“பரவாயில்லை மிஸ்.”

வசந்தி கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். மச்சாள் பேசும் இடத்தில் அவர் வாய் திறப்பதில்லை. நானும் அவரைக் கேட்கவில்லை. பணியாரம் நன்றாக இருந்தது. மூன்று சாப்பிட்டேன்.

அறிக்கையை எழுதினேன். அன்றாடக் கருமங்கள்: தானாகச் செய்கிறார். தளபாடம்: மெத்தைக் கதிரைகள் நான்கு. பொது அவதானிப்பு: நிலைமை திருப்திகரம். என் கையெழுத்து அழகானது என்று எல்லோரும் சொல்வார்கள். அன்று இன்னும் அழகாக விழுந்திருந்தது.

டொக்டரின் கடிதம் அதே விண்ணப்பக் கோவையில்தான் இருந்தது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அசைவில்லாதவர் எப்படித் தானாகக் குளிப்பார் என்று நானும் யோசிக்கவில்லை, எனக்கு மேலே கையொப்பமிட்ட மூவரும் யோசிக்கவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருந்த கையொப்பத்தை நம்பினோம். ‘உதவி தற்போது அவசியமற்றது’ என்று கடிதம் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து, முதியோர் அட்டை விஷயமாக அதே ஒழுங்கையில் யோகநாதனுக்கு அடுத்த வீட்டுக்குப் போனேன். கனடாவில் இருக்கும் ஒரு குடும்பத்தின் வீடு. தூரத்து உறவினரான ஒரு பெரியவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். அதே பூப்போட்ட மெத்தை. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு பெரியவர் சிரித்தார்.

“உங்களுக்குத் தெரிஞ்ச கதிரைதான். கனடாக்காரர் வந்து நிக்கிற நாளில மட்டும்தான் வெளியில எடுக்கிறது. அண்டைக்கு நீங்கள் வாறியள் எண்டு தவமணி இரவல் கேட்டவ. பொடியனைத் தூக்கி அதில இருத்த நாலு பேர் வந்தனாங்கள். விழுந்துபோவான் எண்டு சால்வையால இடுப்போட கட்டிவிட்டது நான்தான். நல்ல இறுக்கமாக் கட்டினனான்.” அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

நான் அந்தக் கதிரையில் இருக்கவில்லை. வேலியில் ஆள் புக விட்டிருந்த பொட்டுக்குள்ளால் குனிந்து அந்தப் பக்கம் போனேன். வீட்டை நெருங்கும் முன்பே அழுகல் மணம் வந்தது. யோகநாதன் பாயில் குப்புறக் கிடந்தார். வசந்தி சுடுதண்ணீரில் துணி பிழிந்துகொண்டிருந்தார். முதுகின் அடியில், நாரிக்குக் கீழே உள்ளங்கை அளவுக்குப் புண். ஆழம் எவ்வளவு என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

“எப்ப துவங்கினது?” என்று கேட்டேன்.

வசந்தி துணியைப் பிழிந்தபடியே சொன்னார். “நீங்கள் வந்த அண்டைக்கு. பத்து மணி எண்டு கடிதத்தில கிடந்தது. ஒம்பதரைக்கே இருத்திப்போட்டம். நீங்கள் ஒரு மணிக்கு வந்தனீங்கள். இறக்கேக்க வேட்டியில இரத்தம்.”

பத்து மணிக்கு நாங்கள் செயலகத்தில் ஒருவருடைய பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிக்கொண்டிருந்தோம். இதை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. ஐசிங் மஞ்சள் நிறம்.

பின்வாசலால் வந்த தவமணி அக்கா என்னைக் கண்டதும் ஓடிப்போய்த் தம்பியின் மேல் ஒரு போர்வையைப் போட்டார். “ஏன் பிள்ளை நீர் சொல்லாமல் வந்தனீர்?” என்று கேட்டார்.

“சொல்லிப்போட்டு வந்ததாலதான் மச்சாள் இந்த நிலைமை” என்றார் வசந்தி. அவர் மச்சாளுக்கு எதிராகப் பேசியதை அந்த வீடு அன்றுதான் முதன்முதல் கேட்டிருக்க வேண்டும். போர்வைக்குக் கீழே இருந்து யோகநாதன், “மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி குடுங்கோ” என்றார். அந்த மனிதர் என்மேல் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

எனக்கு வேலை பழக்கியவர் எங்கள் நிர்வாக உத்தியோகத்தர். ஏ.ஓ. என்போம். ஒருவருக்கும் நோகாத வசனம் எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகின்றது’ என்ற ஒரே வசனத்தை வைத்துக்கொண்டு ஒரு கிணற்றுப் பிரச்சினையை ஒன்பது வருடம் ஓட்டியவர். நடந்ததை அவரிடம் சொன்னேன்.

“இதுக்கேன் பயப்பிடுறீர்?” என்றார். “புது விண்ணப்பம் ஒண்டு போடச் சொல்லும். ‘நிலைமை மோசமடைந்துள்ளது’ எண்டு நீர் அறிக்கை எழுதும். பொய்யும் இல்லை. ஒருத்தருக்கும் நோகாது.”

“புது விண்ணப்பம் எண்டால் வரிசையில கடைசிக்கெல்லே போகும் சேர்?”

“வரிசை எண்டால் கடைசியில ஆரும் நிக்கத்தானே வேணும்.”

“பழைய இடம் கிடைக்க வழியில்லையோ?”

ஏ.ஓ. கண்ணாடியைக் கழற்றினார். “இருக்கு. முதல் அறிக்கை பிழை எண்டு எழுதினவரே ஒத்துக்கொள்ளோணும். அப்ப உம்மட்ட விளக்கம் கேப்பினம். அது உம்மட தனிப்பட்ட கோவையில ஏறும். வாற மாதம் உமக்குத் தரமுயர்வு நேர்முகம். யோசிச்சுச் செய்யும்.”

அன்றே எழுதிக் கொடுத்தேன் என்று இந்த இடத்தில் எழுதத்தான் கை துடிக்கிறது. இரண்டு நாள் எடுத்தேன். என் பக்க நியாயங்கள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினேன். அவர்கள் மறைத்தார்கள். பொய் சொன்னார்கள். நான் என்ன சாத்திரம் சொல்பவளா? நியாயங்கள் நன்றாகத்தான் இருந்தன. அந்த இரண்டு நாளும் ஒரு மனிதர் குப்புறக் கிடந்தார் என்பதை மட்டும் எந்த நியாயத்துக்குள்ளும் பொருத்த முடியவில்லை. மூன்றாம் நாள் எழுதினேன். நேரம் பிந்திப் போனேன். கேட்கவேண்டியவரைக் கேட்கவில்லை. டொக்டரின் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. என் அறிக்கை பிழை. ஏ.ஓ. வாசித்துவிட்டு, “இவ்வளவு விளக்கமா எழுதத் தேவையில்லை” என்றார். மாற்றச் சொல்லவில்லை. அதற்காக அவரை இன்றும் கொஞ்சம் மதிக்கிறேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இதையும் மலருக்குக் கொடுத்திருக்கலாம். மேலிடத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. என் விளக்கம் போதாதாம். அன்று வீட்டில் பதில் சொன்னவர் நேரில் வந்து, தான் சொன்னது பிழை என்று வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அதையும் நான் பதியக்கூடாது, வேறு ஒருவர்தான் பதியவேண்டும். பதில் சொன்னவர் தவமணி அக்கா.

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். கோயிலுக்கு உடுக்கும் சேலை, கையில் குடை. மண்டபம் நிறைந்திருந்தது. ஊரவர்கள் பலர் இருந்தார்கள். பத்தாம் திருவிழாவில் இவர்களுடைய குடும்பத்துக்கு முதல் மரியாதை கிடைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்தான். வாக்குமூலம் பதிய முன்மேசையில் இருந்த லிகிதர் நல்ல பிள்ளை, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாதவர். தலைக்கு மேலே பழைய மின்விசிறி கடகடவென்று சுற்றியது.

அக்கா குனிந்து ஏதோ சொன்னார்.

“கேக்கேல்லை அம்மா. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ.”

“என்ர தம்பிக்கு ஏலாது.”

“என்ன ஏலாது? ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ, நான் எழுதோணும்.”

தவமணி அக்கா நிமிர்ந்தார். குடையை மேசையில் வைத்தார். பிறகு சொன்ன ஒவ்வொரு சொல்லும் வாசல் வரை கேட்டது.

“எழும்ப ஏலாது. இருக்க ஏலாது. திரும்பிப் படுக்க ஏலாது. மூத்திரம் குழாயில போகுது. மற்றது படுக்கையிலதான், நாங்கள் கழுவுறம். நாரி அழுகுது. கேட்டு வந்த பிள்ளைக்கு நான் பொய் சொன்னனான். எழுதிப்போட்டீரோ?”

காணி மேசையில் முத்திரை குத்தும் சத்தம் நின்றிருந்தது. லிகிதர் எழுதிய தாளில் அக்கா கையொப்பம் வைத்தார். மாடிப்படியில் கோவையோடு நின்ற என்னிடம் வந்தார்.

“இவ்வளவு சொன்னது காணுமோ பிள்ளை?”

“காணும் அக்கா” என்றேன்.

நான் நின்ற படிக்கும் அந்த மேசைக்கும் பத்து அடி இருக்காது. ‘அக்காவை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ’ என்று சொல்வதை எந்தச் சுற்றறிக்கையும் தடுக்கவில்லை. விளக்கம் கேட்கப்பட்டவள் இதில் தலையிடக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். முதல் பிழையையாவது அறியாமல் செய்தேன் என்று சொல்லலாம். இதற்கு அந்தச் சாட்டும் இல்லை.

வரிசையில் பழைய இடம் கிடைத்தது. அந்த மாதமே பட்டியலில் ஒருவர் இறந்து, யோகநாதன் உள்ளே வந்தார். எங்கள் நலத்திட்டம் அப்படித்தான் வேலை செய்தது. மெத்தை வந்தது, தாதி வந்தார், புண் ஆற எட்டு மாதம் ஆயிற்று. யோகநாதன் இன்றும் இருக்கிறார். போகும்போதெல்லாம் என்னோடு அரசியல் கதைத்துச் சண்டை பிடிப்பார். என் தரமுயர்வு இரண்டு வருடம் பிந்தியது. அதைப் பற்றி நான் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது. தவமணி அக்கா அந்த வருடம் பத்தாம் திருவிழாவுக்குப் போகவில்லை என்று வசந்தி சொன்னார். அடுத்த வருடமும் போகவில்லை.

வாக்குமூலம் பதிந்த மறுகிழமை, கீழ்த்தளத்தில் பழைய படிவங்களும் மட்டைப் பெட்டிகளும் அடுக்கிக் கிடந்த சின்ன அறையை நானே கூட்டித் துப்புரவாக்கினேன். யன்னல் இல்லை, மின்விசிறி இல்லை. ஆனால் கதவு இருந்தது. ஒரு மேசை போட்டேன். அனுமதி கேட்கவில்லை. ஏ.ஓ. வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தான் ஒன்றையும் காணவில்லை என்று சொல்லிப் போனார். ஓய்வு பெறும் நாள் வரை அங்கேதான் விசாரித்தேன். கதவைச் சாத்திவிட்டு, கூட வந்தவர்களில் யார் வாய் திறக்காமல் இருக்கிறாரோ அவரை முதலில் கேட்பேன். வீடுகளுக்குப் போகும்போது நாள் மட்டும் சொல்வேன், நேரம் சொல்லமாட்டேன். போனதும் நேரே பாயடிக்குப் போய்த் தரையில் இருப்பேன். பலர் அங்கேயும் ‘பரவாயில்லை’ என்றுதான் சொன்னார்கள். அந்தச் சொல்லை நான் பிறகு எந்தப் படிவத்திலும் எழுதவில்லை.

சென்ற மாதம் ஓய்வூதிய அலுவலாக அந்தச் செயலகத்துக்கு வந்தபோது உங்களில் சிலரைப் பார்த்தேன். நல்ல பிள்ளைகள், கணினியில் விரல் பறக்கிறது. அந்த அறையில் போட்டோப் பிரதி இயந்திரத்தைக் குளிரூட்டியோடு வைத்திருக்கிறீர்கள். வெளியே மண்டபத்தில், மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்ற ஒரு தாயிடம் உங்களில் ஒருவர், “கேக்கேல்லை அம்மா, சத்தமாச் சொல்லுங்கோ” என்று கேட்டுக்கொண்டிருந்தார். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்.

இயந்திரத்தை வெளியே எடுங்கள். மண்டபத்தில் நிற்க அதற்கு வெட்கமில்லை.